மைக்கில் வாசித்த மன்றாட்டு

“அடுத்த மன்றாட்டு” என்றார் அருளப்பன். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மடித்திருந்த சீட்டை இன்னொரு கையால் உதறி விரித்தார்.

நான் மாதா சப்பரத்துக்குப் பின்னால் பத்தடி தள்ளி வந்துகொண்டிருந்தேன். வலது குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. மேலே ஒட்டிய பிளாஸ்திரி தார்ச்சாலைச் சூட்டில் இளகி நழுவிக்கொண்டே இருந்தது. என் கவனமெல்லாம் அதில்தான்.

“தாயே, என் மகள் ரீத்தா புருஷன் அடி தாங்காமல் வருகிற திங்கட்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போகிறாள். அவள் போய்ச் சேருகிற வரைக்கும் அந்த வீட்டாருக்குத் தெரியாமல் நீர்தான் காப்பாற்ற வேண்டும்.”

அதோடு விட்டாரா மனிதர்? கீழே எழுதியிருந்த கணவர் பெயர், தெரு, ஊர் என்று ஒன்று விடாமல் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

‘சொன்னோம்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. என் வாயும் சொன்னது. ஐம்பது வருடப் பழக்கம், காது கேட்டு முடிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வாக்கியம் ஒரு தாய் சொல்லச் சொல்ல நான் எழுதியது. அந்தச் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டதும் நான்தான்.

அவர் சீட்டில் படித்த ஊருக்குள்தான் அப்போது நாங்கள் நுழைந்துகொண்டிருந்தோம். சப்பரத்தின் மேல் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அந்தத் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

பெயர் போடாத ஊர்

ரீத்தா அவளுடைய உண்மையான பெயர் இல்லை. அருளப்பன், ஞானம் என்று கீழே வருகிற பெயர்களும் நானாக வைத்தவை. திருவரங்குளத்துக்கும் ஆலங்குடிக்கும் நடுவே பிரதான சாலையிலும் கிளைச் சாலைகளிலும் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. அதில் ஒன்று என்பதற்கு மேல் சொல்லமாட்டேன்.

இந்த அத்தியாயத்தை எழுதலாமா என்று ரீத்தாவிடமே போனில் கேட்டேன். “எழுதுங்க நர்சம்மா. ஊருப் பேரு மட்டும் போட்றாதீங்க” என்றாள். அவள் அப்படிச் சொன்னதும் நான் ஏன் வெட்கப்பட்டேன் என்பது அவளுக்கும் எனக்கும் தெரியும்.

பெட்டி

எங்கள் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் ஆவணி வெயிலில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறோம். காவிச் சேலை, காவி வேட்டி, செருப்பில்லாத கால். நாலு சக்கரம் வைத்த சப்பரத்தில் மாதா சொரூபம். அதை வடம் கட்டி முன்னால் இழுப்போம். பின்னால் ஒருவர் தள்ளிக்கொண்டு வருவார்.

பெண்கள் இந்தப் பாதையில் ஒதுங்குவதற்கு என்ன பாடு படுகிறார்கள் என்று மூன்று வாரத்துக்கு முன் எழுதியிருந்தேன். “புனிதப் பயணத்தைப் பற்றி எழுதும்போது இதெல்லாம் தேவையா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் ஒரு முறை செம்மண் காட்டில், முந்திரி மரமும் தைல மரமும் தவிர மறைவே இல்லாத இடத்தில், நாலு பேர் சேலையை விரித்துப் பிடிக்க உட்கார்ந்து பார்க்கட்டும். பிறகு பேசலாம்.

சப்பரத்தில் மாதாவின் காலடியில் ஒரு மரப்பெட்டி உண்டு. நடக்க முடியாதவர்கள் தங்கள் மன்றாட்டை எழுதி அதில் போடுவார்கள். முட்டி வலிக்காரர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், கைப்பிள்ளைக்காரிகள் எல்லாருடைய கவலையும் அந்தப் பெட்டிக்குள் ஏறி வேளாங்கண்ணிக் கடற்கரை வரை வரும். பெட்டியை அப்படியே மாதா பாதத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு வருவோம். வழியில் திறப்பதில்லை. எனக்குத் தெரிந்த வரை யாரும் திறந்ததில்லை.

போன வருடம் திறந்தார்கள். திறந்தவர் எங்கள் குழுத் தலைவர் அருளப்பன். மைக் செட் வாடகைக்கு விடுவது அவர் தொழில். சப்பரத்திலிருந்த மைக்கும் அவருடையதுதான் என்பதால், அதில் பேசப்படுவதும் அவருடையது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

“வழியில நிக்கிற சனமும் நம்ம ஜெபத்துல ஒன்றணும்ல. சும்மா ஜெபமாலையே சொல்லிக்கிட்டுப் போனா எப்படி?” என்று திருவரங்குளத்தில் மோர் குடிக்க நின்றபோது சொன்னார். பெட்டியைத் திறந்து மூன்று சீட்டுகளைப் படித்தார். ஒருவருக்கு குவைத் விசா கிடைக்க வேண்டும். ஒரு பெண் ஆசிரியர் வேலைக்கான டெட் பரீட்சையில் தேற வேண்டும். ஒரு பெரியவருக்குக் கிட்னியில் இருக்கிற கல் வலிக்காமல் இறங்க வேண்டும்.

கிட்னிக் கல்லைப் படித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கேயே பெட்டியைப் பிடுங்கி மூடியிருக்க வேண்டியவள் நான். மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நோட்டை மூடி வைத்தவள்

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். என் கையில் எப்போதும் ஒரு தடித்த நோட்டு இருக்கும். பெயர், கணவர் பெயர், தெரு, எத்தனையாவது பிள்ளை, என்ன ஊசி போட்டது, யாருக்குக் கருத்தடைக்காகக் காப்பர் டி வைத்தது என்று எல்லாம் அதில் இருக்கும்.

கொடும்பாளூர்ப் பக்கம் வேலை பார்த்த நாளில் ஒரு மாமியார் என் சைக்கிளை மறித்து நின்றாள். “எம் மருமக என்னத்தையோ வச்சுக்கிட்டு வந்திருக்கான்னு தோணுது. நோட்டைக் காட்டும்மா” என்றாள்.

“நோட்டு கவர்மெண்டு சொத்து ஆத்தா. வேணும்னா ஆபீசுல மனுப் போட்டுக் கேளுங்க” என்றேன்.

அன்றைக்கு மதியம் அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஊசி போட உட்கார்ந்தபோது, நோட்டை மடியில் வைத்தால் எட்டிப் பார்ப்பாள் என்று அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அவள் அடுப்படி ஜன்னல் வழியாக என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். அந்த மருமகள் பிறகு எப்போது பார்த்தாலும் ஒரு கை பூவைக் கிள்ளித் தருவாள்.

வேலையில் இருந்த காலம் முழுவதும் இப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, சாமி காரியத்தில், என் கையெழுத்தாலேயே ஒரு பெண்ணின் ரகசியம் தெருவுக்கு வந்தது.

ஞானம் கொடுத்த சீட்டு

ஞானம் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். ரீத்தாவின் அம்மா. முட்டி இரண்டும் தேய்ந்து போனதால் நடக்க முடியாது. நாங்கள் புறப்படுவதற்கு முதல் நாள் ஒரு கிழிந்த காலண்டர் தாளோடு வந்தாள்.

“எனக்கு எழுத்துக் கோணும். நீங்க எழுதுங்க நர்சம்மா. ஒங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும்.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ரீத்தா லேப் டெக்னீசியன் படித்தவள். கல்யாணமாகி ஐந்து வருடம். முதுகில் பெல்ட் தழும்பை நானே பார்த்திருக்கிறேன், மருந்தும் போட்டிருக்கிறேன். மூன்று தடவை பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மூன்று தடவையும் அனுசரித்துப் போகச் சொல்லி அந்த வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தார்கள். அதனால்தான் இந்தத் தடவை யாரிடமும் சொல்லாமல் வேலை தேடியிருந்தாள்.

“பேரு போதும்ல?” என்று கேட்டேன்.

“எப்படிப் போதும்? மாதாவுக்கு எத்தனை ரீத்தா? பூசைக் கருத்துக்கே தெரு, வீட்டுப் பேரெல்லாம் போட்டுத்தானே குடுக்குறோம். புருஷன் பேரு, ஊரு எல்லாம் தெளிவா எழுதுங்க.”

எங்கள் ஆட்களின் பழக்கம் இது. பூசையில் இன்ன தெரு இன்னாருக்காக என்று வாசித்தால்தான் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும் என்று ஒரு நம்பிக்கை. ஞானத்தைக் குற்றம் சொல்லி என்ன பயன்? எனக்கும் நோட்டு எழுதி எழுதிப் பழகிய கை. பெயர் என்று எழுதினால் கணவர் பெயர் தானாக வரும், அது வந்தால் தெரு வரும். எந்த ஊருக்கு வேலைக்குப் போகிறாள் என்பதையும் எழுதச் சொன்னாள். தாளில் இடம் இல்லை. அதை மட்டும் விட்டேன். அந்த ஒன்றில்தான் மாதா என் கையைப் பிடித்தாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தண்ணீர்ப் பந்தல்

அந்த ஊர் முகப்பில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு எங்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுப்பார்கள். போன வருடமும் போட்டிருந்தார்கள். ரீத்தாவின் மாமியார் பிளாஸ்டிக் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ரீத்தா கையில் ஜக்கு. அவளுடைய மூன்று வயது மகள் பந்தல் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் சற்றுத் தள்ளி பைக்கில் சாய்ந்து நின்றான்.

ஸ்பீக்கர் சொல்லி முடித்ததும் சாறு ஊற்றிக்கொண்டிருந்த ரீத்தாவின் கை ஜக்கைச் சாய்த்தபடியே நின்றது. டம்ளர் நிரம்பி வழிந்து மேஜையில் ஓடியது.

“என்னடி இது, மைக்குல என்னமோ சொல்றாங்க?” என்றாள் மாமியார்.

புருஷன் பைக்கை விட்டு நிமிர்ந்தான். “உள்ள போ” என்றான். சத்தம் போடவில்லை.

நான் நொண்டிக்கொண்டே முன்னால் ஓடினேன். ஓடிப் போய் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், நான் போய்ச் சேர்வதற்குள் அவளே செய்துவிட்டாள்.

ஜக்கை மேஜையில் வைத்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். செருப்பைக் கழற்றிப் பந்தல் காலோரம் விட்டாள். நேராக வந்து சப்பரத்தின் வடத்தைப் பிடித்தாள்.

“நான் நேர்ந்திருக்கேன். வேளாங்கண்ணிக்கு நடக்கப் போறேன்” என்றாள்.

எங்கள் நடையில் ஒரு வழக்கம் உண்டு. நேர்ந்திருக்கிறேன் என்று சொல்லி வடத்தைத் தொட்டவரை யாரும் தடுக்கக் கூடாது. தடுத்தால் பாவம் தடுத்தவருக்கு. எந்த ஊரில் எந்த நிமிடத்திலும் வந்து சேரலாம். சில வருடங்களுக்கு முன் ஒருவர் டீக்கடையிலிருந்து கிளாசோடு எழுந்து வந்து வடத்தைப் பிடித்தார். கிளாசை மறுநாள்தான் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினோம். அவர் வீட்டார்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரீத்தாவின் புருஷனுக்கும் அது தெரியும். நாலு எட்டு வைத்து வந்தவன், மாதா சொரூபத்துக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டான். அவனுடைய அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

குடும்ப விஷயம்

இந்த இடத்தில்தான் அருளப்பன் மைக்கை அணைத்தார். அணைத்துவிட்டு ரீத்தாவிடம் வந்தார்.

“தங்கச்சி, குடும்பம்னா நாலும் இருக்கும். வீட்டுல ஒக்காந்து பேசித் தீத்துக்கிட்டு அடுத்த வருசம் நடம்மா. குடும்ப விசயத்துல குழு தலையிடக் கூடாது.”

ஒரு பெண் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மாதாவிடம் மட்டும் சொன்னதைத் தெருவுக்குச் சொன்ன வாய் அது. இரண்டு நிமிடத்தில் அதே வாய்க்குக் குடும்ப விஷயம் என்ற வார்த்தை வருகிறது. ஊரறியப் படிக்கும்போது குடும்பம் எங்கே போயிருந்தது?

“அண்ணே, மைக்க ஆன் பண்ணுங்க” என்றேன்.

“எதுக்கு நர்சம்மா?”

“இப்ப இந்தப் பிள்ளைட்ட சொன்னீங்கள்ல, அதையும் ஊருக்குக் கேக்கிற மாதிரி சொல்லுங்க. அடிக்கிற வீட்டுக்குத் திரும்பிப் போன்னு மைக்குல சொல்லுங்க. நாங்க எல்லாரும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்னு சொல்றோம்.”

அவர் மைக்கைத் தொடவில்லை. நான் ரீத்தாவுக்குப் பக்கத்தில் வடத்தைப் பிடித்தேன். எங்கள் குழுவில் பதினெட்டுப் பெண்கள். ஒருத்திகூட இன்னொருத்தியைப் பார்க்கவில்லை, ஆளாளுக்கு வந்து பிடித்தார்கள். யாரோ ஒரு காவித் துண்டை ரீத்தாவின் தோளில் போட்டார்கள். இழுத்தோம். சப்பரம் நகர்ந்தது. குழுத் தலைவர் அதன் பின்னால்தான் நடந்து வர வேண்டியிருந்தது.

பைக் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. முதல் கியரில், எங்களை ஒட்டி. மைக் இல்லாமலே ஜெபமாலை சொன்னோம். தொண்டை கட்டுகிற அளவுக்குச் சொன்னோம். தைலக் காடு முடிகிற திருப்பத்தில் பைக் சத்தம் நின்றது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

ரீத்தாவின் உள்ளங்கால் பழகாத கால். சரளைக் கல்லில் ஒவ்வொரு அடியும் பார்த்துப் பார்த்து வைத்தாள். பிள்ளையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு மைல் நடந்தோம்.

“சர்ட்டிபிகேட்டெல்லாம்?” என்று நானாகக் கேட்டேன்.

“போன மாசமே அம்மாட்ட குடுத்துட்டேன். அரிசிப் பையில போட்டுக் குடுத்தேன்.”

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: “அந்தச் சீட்டு நீங்க எழுதினதா நர்சம்மா?”

“ஆமா.”

“எழுத்து ரொம்பத் தெளிவா இருந்திருக்கும். எங்கயும் தடுமாறாம படிச்சாரு.”

கோபமாகச் சொல்லவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவள் வேளாங்கண்ணி வரை நடக்கவில்லை. ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் பிள்ளையோடு, காவித் துண்டோடு, வெறுங்காலோடு புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினாள். திங்கட்கிழமை போவதாக இருந்தவள் சனிக்கிழமை போனாள். நேர்ச்சையை முறித்த பாவம் யாருக்கு என்று யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

சாட்சியம்

அந்த வீட்டார் இரண்டு தடவை ஞானத்தின் வாசலில் வந்து கத்தினார்கள். ரீத்தா இருக்கிற ஊர் அவர்களுக்குத் தெரியவில்லை. மூன்றாவது தடவை நான் போய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு வரவில்லை.

சரி, அருளப்பன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அதைவிட அழகான காரியம் செய்தார். திருவிழா முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு எழுந்து நின்று சாட்சியம் சொன்னார்.

“நான் அந்த மன்றாட்டைப் படிச்ச அந்த நிமிசமே மாதா அந்தப் பிள்ளைக்கு விடுதலை குடுத்தா. என் வாயைக் கருவியாப் பயன்படுத்தினா.”

சிலர் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் ஞானம் உட்கார்ந்திருந்தாள். அவள் கை மடியிலேயே இருந்தது. மாதா செய்ததை மாதாவுக்கு விடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஜக்கைக் கீழே வைத்தது யார்? செருப்பைக் கழற்றியது யார்? அந்தப் பெண்ணின் தைரியத்தையும் சேர்த்துத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிற மனிதரை என்ன செய்வது?

இந்த வருடம்

இந்த வருடம் மறுபடி பெட்டி வந்தது. பூட்டி எடுத்துப் போக வேண்டும் என்று கூட்டத்தில் நான் சொன்னேன். “போன வருசம் மாதா செஞ்ச புதுமைக்கு அப்புறம் மூடி வைக்கச் சொல்றீங்களே” என்று அருளப்பன் வருத்தப்பட்டார். கூட்டம் அவர் பக்கம் தலையாட்டியது. ஆண்கள்தான் அதிகம் வந்திருந்தார்கள்.

புறப்படுவதற்கு முதல் நாள் வழக்கம் போல வீடு வீடாகப் போய்ச் சீட்டு வாங்கினேன். ஞானம் நாலாக மடித்த தாளைத் தந்தாள்.

“எழுதணுமா?” என்றேன்.

“வேணாம். இப்பிடியே போடுங்க” என்றாள்.

வேறு யாரும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. மடித்து மடித்துக் கொடுத்தார்கள். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

அதே ஊர், அதே பந்தல். மேஜைக்குப் பின்னால் வேறு ஆட்கள். அருளப்பன் சப்பரத்தை நிறுத்தச் சொன்னார். போன வருடம் இதே இடத்தில் நடந்ததை மைக்கில் நினைவுபடுத்தினார். பெட்டியைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து உதறினார்.

முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதையும் திருப்பிப் பார்த்தார். மூன்றாவதை எடுத்தார்.

“என்ன இது, எல்லாம் வெறுந்தாளா இருக்கே” என்றார். மைக் அணைக்கப்படாததால் அது தெரு முழுக்கக் கேட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து, “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பதில் வந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நாலாவது சீட்டைப் பிரித்தார். அதுவும் வெள்ளை. மறுபடி எல்லாரும் சொன்னார்கள். இந்த முறை நன்றாகக் காதால் கேட்டுவிட்டு, அதன் பிறகு நானும் சொன்னேன்.